ஏழு பத்துக்குப் பிறந்தவர்

லாரியை விற்றது ஆகஸ்டில்.
கேபின் நெற்றியில் ஓடிய சீரியல் லைட்டை மட்டும்
கழற்றிக்கொள்கிறேன் என்றேன்.
"அதுல என்னண்ணே இருக்கு" என்றான் வாங்கினவன்.
இருபத்துநாலு வோல்ட் இருந்தது.
வீட்டு ப்ளக்குக்கு ஆகாது.

லண்டன்பேட்டையில் இந்த வாடகை மாடிக்கு
பழைய பேட்டரி இரண்டை ஒவ்வொன்றாகத்
தோளில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
கீழ்வீட்டு முனிரத்தினம் அக்கா எட்டிப் பார்த்தாள்:
"ஏமி அண்ணா, வண்டி மாடிக்கே வந்துருச்சா?"
வந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.
ஜன்னல் கம்பியில் நட்சத்திரத்தைக் கட்டி
ஒயரை முறுக்கியதும்
சிவப்பு, பச்சை, சிவப்பு.
பெங்களூர் ரோட்டில் யாரையோ ஓவர்டேக் செய்வதுபோல
ஓடத் தொடங்கியது வீடு.

கேக் ஜெசிந்தாவின் வேலை.
என் வேலை, பதினெட்டு வருசமாக,
டிசம்பர் இருபத்துநாலு ராத்திரி
வேறெங்காவது இருப்பது.
ஹூப்ளியில் டயர் வெடித்து.
நாக்பூரில் லோடு இறங்காமல்.
ஒருமுறை தொப்பூர் கணவாயில்,
குடைசாய்ந்த சிமெண்ட் வண்டிக்குப் பின்னால்
விடியும்வரை இஞ்சினை அணைத்துவிட்டு.
போனில் கேட்பேன், "கேக் உப்புச்சா?"
"உனக்கு எடுத்து வச்சிருக்கேன், வா."

இந்த வருசம் அவளுக்குப் போன் போகாது.
போன் செய்கிற கம்பெனிக்குள்
போன் கொண்டுபோகக் கூடாதாம்.
வளையல் கூடாது, பூ கூடாது,
பண்டிகை என்றும் சொல்லக் கூடாது;
நைட் ஷிஃப்டில் எல்லாருக்கும் லீவு கொடுத்தால்
லைனை யார் ஓட்டுவது?

காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தாள்.
குக்கர் அடியில் மணல். கேஸ்கெட் வேண்டாம்.
வெயிட் வேண்டாம். சிம்மில் வை.
நடுவில் திறக்காதே.
கடைசி வரிக்கு மட்டும் இரண்டு கோடு.

உலர்திராட்சைக்குப் பதிலாக நான் சேர்த்தது
முனிரத்தினம் அக்கா கூழ் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த
நசுங்கின டின்னில் பாதி.
எல்லாமே மாம்பழ வாசனையில் நின்றது, மே மாதம்போல.
சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே என்று
எத்தனை கிளீனர்களை வைதிருப்பேன்.
முப்பதாவது நிமிடம் திறந்தேன்.
ஒரு பெருமூச்சு விட்டு
நடுவில் உட்கார்ந்துவிட்டது கேக்,
பர்கூர் பக்கம் கல்லெடுத்த குவாரிபோல.

பன்னிரண்டுக்குக் கோயிலில் மணி அடித்தது.
பனியில் நடந்து வீடு திரும்பி
குடிலுக்கு முன்னால் நின்றோம்.
சிமெண்ட் பையைக் கசக்கிச் செய்த மலை,
கேழ்வரகு முளைவிட்ட புல்வெளி,
ஒரு காது போன கழுதை.
குழந்தை இயேசுவைக் கிளாடிஸ் கைக்குட்டையில் சுற்றி
உள்ளங்கையில் வைத்திருந்தாள்.
"வைம்மா, மணியாச்சு."
"அம்மா வரட்டும்."
"கோயில்லயே பொறந்துட்டாரே."
"அது கோயில்ல."

மாதாவும் சூசையப்பரும்
காலித் தொட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.
நானும்தான்.
இரண்டு மணி. நாலு மணி.
டோல்கேட் தாண்டி யாரோ ஏர்ஹாரன் அடித்தான்.
காத்திருப்பது இவ்வளவு நீளம் என்று
ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தெரிவதில்லை.

கம்பெனி பஸ் வந்தது ஏழு பத்துக்கு.
நல்ல வெயில் வந்துவிட்டது.
நட்சத்திரம் எரிகிறதா இல்லையா என்று
கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.
நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு,
கழுத்தில் இன்னும் அடையாள அட்டை,
ஜெசிந்தா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
கிளாடிஸ் கைக்குட்டையை நீட்டினாள்.

ராத்திரியெல்லாம் திருகாணி வைத்த விரல்கள்
அவரையும் அதே கணக்கில்,
இம்மி விலகாமல், தொட்டிலில் பொருத்தின.
பிறகு கேக்கின் பள்ளத்திலிருந்து ஒரு விள்ளல்.
"உள்ள என்ன?"
"மாம்பழம்."
"டிசம்பர்லயா?"
மென்றாள். இன்னொரு விள்ளல் எடுத்தாள்.
"திறந்தியா?"
"இல்ல."
"திறந்திருக்க."

குடில் பக்கத்திலேயே சாய்ந்து
மூன்றாவது விள்ளல் கையிலிருக்கத் தூங்கிப்போனாள்.
கிளாடிஸ் அதை எடுத்துத் தின்றாள்.
லைட்டை அணைக்கட்டுமா என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.
ஒரு பேட்டரி முந்தி இறங்கியிருக்க வேண்டும்;
பச்சை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
வெயிலுக்குள்.